ஊவாப் பெருந்தோட்டங்களில் உணவும் சந்தையும்: ஒரு வரலாற்று நோக்கு

பழந்தமிழ் இலக்கியங்கள் இருவகை அங்காடிகளைக் குறிப்பிடுகின்றன. பகற்பொழுதில் நடைபெறுவது நாளங்காடி; மாலையிலும் இரவிலும் நடைபெறுவது அல்லங்காடி. மதுரைக்காஞ்சி இவ்விரண்டையும் விரித்துரைக்கின்றது. எனினும் வரலாற்று மாணவனின் கவனத்தை நகரத்துப் பேரங்காடிகளைக் காட்டிலும் அதிகமாக ஈர்க்கவேண்டியவை ஆற்றுப்படை நூல்கள் காட்டும் சிறிய பண்டமாற்றுக்களே. பொருநராற்றுப்படையில் தேனையும் கிழங்கையும் கொண்டுவந்தோர் அவற்றுக்கு ஈடாக மீன்நெய்யையும் நறவையும் பெற்றுச் செல்கின்றனர். பெரும்பாணாற்றுப்படையில் ஆயர்மகள் மோர் விற்று நெல் பெறுகின்றாள். அந்நெல்லைக் கொண்டு தன் சுற்றத்தாரை உண்பிக்கின்றாள். இவ்விடங்களில் வாங்குவோரும் விற்போரும் வெவ்வேறு சாதியினராக நிற்கவில்லை. ஒவ்வொருவரும் தம் நிலம் தந்த ஏதோவொன்றைக் கையில் ஏந்தியே வருகின்றனர். சந்தை என்னும் சமூக நிறுவனத்தின் தொல்வடிவம் இதுவே எனலாம்.

இத்தொல்வடிவத்தை மனத்திற் கொண்டு இலங்கையின் ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களை நோக்கும்போது வியப்பானதொரு நிலைமை புலப்படுகின்றது. மரக்கறி விளைச்சலுக்குப் பெயர்பெற்ற நிலப்பரப்பின் நடுவே ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக வாழ்ந்துவரும் தமிழ்த் தொழிலாளர் சமூகம் அம்மாகாணத்தின் சந்தைகளில் வாங்குவோராக மட்டுமே பெரிதும் நின்றிருக்கின்றது. மலையகம் பற்றிய ஆய்வுகள் கூலி, குடியுரிமை, தொழிற்சங்கம் ஆகியவற்றைப் பற்றி நிறையப் பேசியுள்ளன. உணவு எங்கிருந்து வந்தது, யார் கையாற் பங்கிடப்பட்டது, சந்தையில் இம்மக்களின் இடம் யாது என்னும் வினாக்கள் அவ்வளவாக எழுப்பப்படவில்லை. அவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுலகின் நோக்கு

சந்தையையும் அதனைச் சூழ்ந்த விளைநிலத்தையும் ஒருங்கே வைத்து ஆராயும் மரபு ஐரோப்பாவில் 1826 ஆம் ஆண்டு வெளிவந்த ஃபொன் தூனனின் நூலோடு தொடங்குகின்றது எனலாம். நகரைச் சுற்றி வட்டம் வட்டமாக எந்தப் பயிர் எத்தொலைவில் விளையும் என்பதை அவர் கணக்கிட்டார். பாலும் மரக்கறியும் நகருக்கு அண்மையிலும், தானியமும் மந்தையும் சேய்மையிலும் அமையும் என்பது அவர் முடிபு. அதன்பின் 1964, 1965 ஆம் ஆண்டுகளில் வில்லியம் ஸ்கின்னர் சீனத்துக் கிராமியச் சந்தைகளை ஆராய்ந்து, ஒரு குடியானவனின் சமூக உலகின் எல்லை அவன் கிராமமன்று, அவன் செல்லும் சந்தையின் வட்டமே என்று காட்டினார். அண்மைக் காலத்தில் உழவர் சந்தை, உள்ளூர் உணவு முறைமை என்னும் தொடர்களின்கீழ்ப் பல நாடுகளில் ஆய்வுகள் பெருகியுள்ளன. இவை யாவற்றுக்கும் பொதுவான அடிப்படை ஒன்றுண்டு: சந்தையை நாடி வருபவனுக்குப் பின்னால் ஒரு நிலத்துண்டு இருக்கின்றது என்பதே அது. ஊவாத் தோட்டங்களில் அந்த அடிப்படை பொருந்துவதில்லை. ஆகவேதான் இவ்விடயம் தனித்து நோக்கற்பாலது.

தோட்டங்களுக்கு முன்னர்

பெருந்தோட்டங்கள் தோன்றுமுன் ஊவா தன்னைத் தானே உண்பித்த நாடாகவே இருந்தது. பள்ளத்தாக்குகளில் நெல்லும், மேட்டுநிலச் சேனைகளில் குரக்கன் முதலிய தானியங்களும் விளைந்தன. வெல்லஸ்ஸ என்னும் பெயருக்கே இலட்சம் வயல் என்று பொருள் கூறுவர். உள்நாட்டில் கிடையாத உப்பும் கருவாடும் கரையோரத்திலிருந்து தவளம் எனப்பட்ட பொதிமாட்டு வரிசைகளில் வந்தன. திரும்பும் பொதிகளில் பாக்கு முதலியன சென்றன. இவ்வணிகத்தில் முஸ்லிம்களின் பங்கு பெரிது. ஊவாவின் உட்பகுதிகளிலுள்ள பழைய முஸ்லிம் குடியிருப்புக்கள் அதன் நினைவைத் தாங்கி நிற்கின்றன.

1815 ஆம் ஆண்டு கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாகியது. இரண்டாண்டுகளின் பின் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை அடக்குமுகமாக 1818 இல் அவர்கள் கையாண்ட முறை, போர்க்களத்தோடு நிற்கவில்லை. கிராமங்கள் எரிக்கப்பட்டன, வயல்களும் நெற்களஞ்சியங்களும் அழிக்கப்பட்டன, கால்நடைகள் கொல்லப்பட்டன, கனிமரங்களும் வெட்டி வீழ்த்தப்பட்டன. ஒரு மக்களை அடக்குதற்கு அவர்தம் உணவின் மூலத்தை அழித்தல் வேண்டும் என்ற கொள்கை அங்கே செயற்பட்டது. பின்னர் 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பயிரிடப்படாத நிலங்களை முடிக்குரியனவாகக் கருதியது. சேனைக்கும் மேய்ச்சலுக்கும் பயன்பட்ட மேட்டுநிலங்கள் இவ்வாறு கோப்பித் தோட்டங்களாயின. தமிழ்த் தொழிலாளர் ஊவாவுக்கு வந்தபோது அவர்கள் கால்வைத்த மண், முன்னரே ஒருமுறை பசியைக் கண்ட மண் என்பது மறக்கத்தக்கதன்று.

அரிசியும் பேரேடும்

கோப்பிக் காலத்துத் தொழிலாளருட் பலர் பருவத்துக்கு வந்து மீளுவோராயிருந்தனர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம் எண்ணற்றோரைக் கடல் கடக்கச் செய்தது. 1869 இல் முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோயினாற் கோப்பி அழிந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தபோது ஆண்டு முழுவதும் வேலை உண்டாயிற்று. குடும்பங்கள் லயங்களில் நிலைத்துத் தங்கின. பஞ்சத்துக்கு அஞ்சி வந்தோருக்குத் தோட்டம் காட்டிய முதற் கவர்ச்சி அரிசியே.

அவ்வரிசி ஊவாவில் விளைந்ததன்று. முதலில் தென்னிந்தியாவிலிருந்தும், பின்னர் பெரும்பாலும் பர்மாவிலிருந்தும் கப்பலில் கொழும்பு வந்தது. அங்கிருந்து மலைநாட்டுக்கு மாட்டு வண்டிகளிலும், வண்டி செல்லாவிடத்து மனிதர் தலைச்சுமையாகவும் சென்றது. புகையிரதப் பாதை 1885 இல் நானுஓயாவையும், 1894 இல் பண்டாரவளையையும், 1924 இல் பதுளையையும் அடைந்தது. தேயிலைப் பெட்டிகளை இறக்கிச் சென்ற வண்டித் தொடர் அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்பியது. ஊவாவின் தோட்ட உணவு முறைமையை ஒரே வாக்கியத்திற் கூறுவதாயின் இதுவே போதுமானது: அயல் வயலைவிட இரங்கூன் துறைமுகமே லயத்து அடுப்புக்கு அண்மையாயிருந்தது.

தோட்டத்துக்கு வந்த அரிசியைத் தொழிலாளர் கடைக்குச் சென்று விலைகொடுத்து வாங்கவில்லை. நிருவாகம் அதனை வாரந்தோறும் அளந்து வழங்கிற்று. அதன் விலை பேரேட்டிற் பதியப்பட்டுச் சம்பளத்திற் கழிக்கப்பட்டது. பயணச்செலவுக்கும் கலியாணம், சாவு முதலியவற்றுக்கும் பெரிய கங்காணியிடம் பட்ட கடன் மற்றொரு பக்கத்தில் ஏறிற்று. தோட்டத்தை விட்டுச் செல்பவன் எவ்வளவு கடன்பட்டுள்ளான் என்பதைக் குறிக்கும் துண்டு இல்லாமல் அவனை வேறு தோட்டத்தார் ஏற்பதில்லை. 1917 இல் வெளிவந்த மார்ஜோரிபாங்க்ஸ், அகமது தம்பி மரைக்காயர் அறிக்கை இக்கடன்முறையின் தீங்குகளை இந்திய அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. 1921 இல் துண்டுமுறை ஒழிக்கப்பட்டது. 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் குறைந்தபட்சக் கூலியை நிருணயிக்க வழிசெய்ததோடு, நிருணயிக்கப்பட்ட விலையில் அரிசி வழங்குதலையும் அதனோடு பிணைத்தது.

அரிசி வழங்கும் முறையை முற்றாகப் பழித்தலும் பொருந்தாது. வெளியே விலை ஏறியபோது அது தொழிலாளரை ஓரளவு காத்தது என்பது உண்மை. ஆயினும் அக்காப்புக்கு ஒரு விலை இருந்தது. வீட்டின் உணவுத் தேர்வு பேரேட்டின் கைக்குச் சென்றது. வேலைக்குப் பெயர் விழாத நாளில் உணவும் ஐயத்துக்குரியதாயிற்று. மாத முடிவிற் கைக்கு வந்த எஞ்சிய சில்லறையே சந்தைக்குச் செல்லக்கூடிய பணமாயிருந்தது.

ஞாயிற்றுச் சந்தை

அச்சில்லறை சென்றடைந்த இடங்கள் பண்டாரவளை, அப்புத்தளை, பதுளை, வெலிமடை முதலிய ஊர்களின் கடைவீதிகளும், சிங்களத்திற் பொல எனப்படும் வாரச் சந்தைகளுமாம். பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் ஞாயிறே சந்தை நாள் என்பது தற்செயலன்று. தோட்டங்களுக்கு ஓய்வுநாளும் அதுவே. வாரச் சந்தையின் நாளை நிருணயித்தது தேயிலைத் தோட்டத்தின் நாட்காட்டி எனக் கொள்ளலாம். சிங்களக் குடியானவர் மரக்கறியைக் கொணர்ந்து பரப்ப, முஸ்லிம் வணிகர் துணியும் கருவாடும் விற்க, தோட்டத்து மக்கள் பையோடு வந்து நிற்பர். எண்ணுப் பெயர்களையும் காய்களின் பெயர்களையும் இருமொழியினரும் ஒருவர் மற்றவரிடமிருந்து கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் இச்சந்தையே.

அங்கு விற்கப்பட்ட மரக்கறிக்கும் ஒரு வரலாறு உண்டு. கோவா, கரட், லீக்ஸ், பீட்ரூட், உருளைக்கிழங்கு என்பன மலைநாட்டின் குளிர்நிலத்துக்கு ஆங்கிலேயரால் வந்தவை. 1840களின் இறுதியில் நுவரெலியாவில் சாமுவேல் பேக்கர் பண்ணையொன்றை அமைத்தமை இதன் தொடக்கங்களுள் ஒன்றாகும். துரைமார் மேசைக்காக விளைந்த காய்கள் காலப்போக்கிற் குடியானவனின் பணப்பயிராகி வெலிமடைப் பள்ளத்தாக்கை வளமாக்கின. தோட்டத்து மக்களும் இப்பயிர்த்தொழிலை அறியாதவரல்லர். லயத்தின் கோடியிலும் ஓடைக்கரையிலும் கிடைத்த சில சதுர அடிகளில் அவர்கள் போஞ்சியும் கீரையும் பூசணியும் வளர்த்தனர். ஆனால் அத்துண்டு நிலம் உரிமையாகக் கிடைத்ததன்று. நிருவாகத்தின் இசைவினாற் கிடைத்தது. தேயிலை நடவேண்டும் என்று கூறப்பட்டால் அதனைக் கைவிடவேண்டியதே. இன்றிருந்து நாளை இல்லாமற் போகக்கூடிய நிலத்தில் எவரும் கனிமரம் வைப்பதில்லை.

பஞ்சமும் வளமும்

1942 மார்ச்சில் இரங்கூன் யப்பானியர் கைப்பட்டது. பர்மிய அரிசியின் வரவு நின்றது. இலங்கையில் அதே ஆண்டு பங்கீட்டுமுறை வந்தது. அரிசி குறைந்த இடத்தைக் கோதுமை மா நிரப்பிற்று. தோட்டத்துக் காலையுணவாக இன்று கருதப்படும் ரொட்டியின் பரவலுக்கு இப்போர்க்காலம் பெரிதும் காரணமாகும். இதனால் உணவின் பெயர் மாறியதேயன்றி அதன் திசை மாறவில்லை. அதுவும் கப்பலிலேயே வந்தது.

சுதந்திரத்தின்பின் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. அதன் அரசியல் விளைவுகள் நன்கறியப்பட்டவை. உணவு வரலாற்று நோக்கில் அதற்கு வேறொரு பொருளும் உண்டு. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் நிலமற்ற குடியானவருக்கு முடிக்காணிகள் பகிரப்பட்டுவந்த காலம் அது. அப்பகிர்விலிருந்து இம்மக்கள் விலக்கப்பட்டனர். ஒரு நாட்டின் குடியானவர் வகுப்பு மீளமைக்கப்பட்ட வேளையில் அவர்கள் அதன் வெளியே நிறுத்தப்பட்டனர். 1964 இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இசைந்தது. நாளை எந்த நாட்டில் இருப்போம் என்றறியாதவர் எந்த நிலத்தைப் பண்படுத்துவர்?

இந்நிலையின் முழுக் கொடுமையும் 1973, 1974 ஆம் ஆண்டுகளில் வெளிப்பட்டது. உலகச் சந்தையில் அரிசி, கோதுமை மா, சீனி என்பவற்றின் விலை உயர்ந்தது. அந்நியச் செலாவணியின்றி அரசு இறக்குமதியைச் சுருக்கியது, பங்கீடு குறைந்தது, உள்நாட்டில் நெல்லையும் அரிசியையும் தனியார் கொண்டுசெல்வதற்குத் தடைகள் விதிக்கப்பட்டன. தோட்டங்களிலோ வேலைநாட்கள் குறைந்தன. மலையகத்திற் பட்டினிச்சாவுகள் நிகழ்ந்தன. தோட்டத்துறையின் இறப்பு வீதம் நாட்டின் பிற பகுதிகளைக் காட்டிலும் பெரிதும் உயர்ந்தது.

ஈண்டு ஒரு முரண்பாட்டை ஊன்றி நோக்குதல் வேண்டும். இறக்குமதிக் கட்டுப்பாடு என்னும் அதே கொள்கை, உருளைக்கிழங்கு, வெங்காயம், மிளகாய் ஆகியவற்றைப் பயிரிட்ட யாழ்ப்பாணத்து உழவருக்கும், வெலிமடை, நுவரெலியாப் பகுதிகளின் உருளைக்கிழங்குச் செய்கையாளருக்கும் அக்காலத்தில் நல்ல விலையைத் தேடித்தந்தது. பதுளை மாவட்டத்துக்குள்ளேயே, சில மைல் இடைவெளியில், ஒரே கொள்கை ஒருவனுக்குக் கல்வீட்டையும் மற்றவனுக்குப் பட்டினியையும் கொடுத்தது. இருவருக்குமிடையே உழைப்பிலோ அறிவிலோ வேறுபாடு இல்லை. ஒருவனிடம் நிலம் இருந்தது என்பதே வேறுபாடு. 1981 இல் அமர்த்தியா சென் வறுமையும் பஞ்சமும் பற்றிய தம் நூலில், பஞ்சம் என்பது உணவு இல்லாமையைவிட உணவைப் பெறும் உரித்து இல்லாமையாலேயே பெரிதும் விளைகின்றது என்று நிறுவினார். வங்காளத்தையும் எத்தியோப்பியாவையும் கொண்டு அவர் விளக்கிய உண்மைக்கு ஊவாவும் சான்று பகரத்தக்கது.

மீரியபெத்தவும் பால் நிலையமும்

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992 இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. உடைமையாளர் மாறியபோதும் லயத்துக்கும் அதனைச் சூழ்ந்த நிலத்துக்கும் அங்கு வாழ்வோர் உரிமையாளராகவில்லை. இதற்கிடையில் மரக்கறி வாணிகம் பெருவளர்ச்சி கண்டது. 1999 இல் தம்புள்ளையிற் பொருளாதார மத்திய நிலையம் தோன்றியது; ஊவாவில் கெப்பெட்டிபொலவும் அத்தகைய மொத்தச் சந்தையாயிற்று. அங்கு வந்து குவியும் மூட்டைகளுக்குப் பின்னால், வெலிமடை வயல்களிற் கூலிக்கு நடவும் அறுவடையும் செய்யும் தோட்டத்து இளைஞரின் உழைப்பும் உண்டு.

அதே 1999 ஆம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டில் மதுரை அண்ணாநகரில் முதலாவது உழவர் சந்தை திறக்கப்பட்டது. இடைத்தரகரை விலக்கி, விளைவித்தவனே நேரில் விற்க வகைசெய்த நல்ல திட்டம் அது. அதில் இடம்பெற விரும்பும் உழவர், தாம் பயிரிடுபவர் என்பது அலுவலரால் உறுதிசெய்யப்பட்டு அடையாள அட்டை பெறுதல் வேண்டும். இந்த ஏற்பாட்டை அப்படியே ஊவாவுக்குக் கொண்டுவந்தால் லயத்துக் கோடியில் போஞ்சி வளர்ப்பவன் எந்த நிலத்தைக் காட்டி அட்டை பெறுவான்? சந்தைக்குக் கூரை அமைப்பதால் மட்டும் இக்கேள்வி தீர்வதில்லை.

நிலமின்றியும் தோட்டத்து மக்கள் விற்கத்தக்கதாக அமைந்த பண்டம் ஒன்றுண்டு, அது பால். பசுவுக்குப் பத்திரம் வேண்டியதில்லை. ஓடைக்கரையிலும் வீதியோரத்திலும் அறுத்த புல்லே போதும். கொழுந்துக்கூடையை இறக்கிய பெண் புற்கட்டைச் சுமந்து வருவதும், விடியுமுன் கறந்த பால் சேகரிப்பு நிலையத்துக்குச் செல்வதும் ஊவாத் தோட்டங்களின் அன்றாடக் காட்சியாகும். பால்காசு பேரேட்டுக்குள் நுழையாத காசு. வீட்டின் சொந்தக் காசு. பெரும்பாணாற்றுப்படை காட்டும் ஆயர்மகளின் கணக்கு நூற்றாண்டுகள் கடந்து இங்கேதான் தொடர்கின்றது.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, அல்துமுல்லைப் பிரதேசத்தில், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தத் தோட்டத்தின்மீது மலை சரிந்தது. அச்சரிவு அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. லயங்கள் மண்ணுள் மறைந்தன; பலரின் உடல்கள் மீட்கப்படவேயில்லை. அன்று புதையுண்டவற்றுள் கோயிலும் கடைகளும் மட்டுமன்றிப் பால் சேகரிப்பு நிலையமும் ஒன்று. மனித உயிர்களின் முன் ஒரு கட்டடம் பெரிதன்றுதான். ஆயினும் அம்மக்கள் விற்போராக நின்ற அந்தச் சிறிய இடமும் அவர்களோடே மண்ணுக்குட் சென்றது என்பதை வரலாறு பதிந்துகொள்ளவேண்டும்.

அபாயமென்று தெரிந்த சரிவில் ஏன் இருந்தார்கள் என்று அன்று பலர் வினவினர். வேறிடம் செல்ல அவர்களுக்குச் சொந்தமாக ஓரடி நிலமும் இல்லை என்பது விடையின் ஒரு பகுதி. எஞ்சிய பகுதியை உணவு வரலாறு கூறும். பெயர் பதியும் தோட்டம், கடன் தரும் கடை, புல் கிடைக்கும் ஓடைக்கரை, பால் எடுக்கும் நிலையம் ஆகிய அனைத்தும் அந்த ஒரே சரிவில் இருந்தன. உயிருக்குத் தஞ்சமளிக்கும் இடத்துக்குச் செல்வதாயின் உணவின் வழிகளை விட்டுச்செல்லவேண்டியிருந்தது. தப்பியோர் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நெடுநாள் தங்கியபின், 2016 இல் பூனாகலை மகல்தெனியவில் அமைக்கப்பட்ட புதிய வீடுகளுக்குச் சென்றனர். 2015 முதல் தோட்ட வீடமைப்புத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலம் என்பது அளவாயிற்று. லயத்தோடு ஒப்பிடின் இது பெரும் முன்னேற்றமே. ஆனால் ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். வீடு நின்ற பின் எஞ்சும் இடத்திற் கீரை வளரலாம். சந்தைக்குச் செல்லும் கூடை நிறைவது அரிது.

முடிவுரை

2021 மேயில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு அவ்வாண்டு நவம்பரில் மீள அனுமதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் உணவுப் பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 90 சதவீதத்தைத் தாண்டியது. நாட்டில் உணவுப் பாதுகாப்பு மிகக் குறைந்த மக்களாக அப்போதும் இனங்காணப்பட்டோர் தோட்டத்துறையினரே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தில் மீண்டும் மண்சரிவுகளை விளைவித்து, வீதிகளைத் துண்டித்து, உயிர்களைக் காவுகொண்டது. 1942, 1974, 2022 ஆகிய மூன்று காலங்களிலும் காரணங்கள் வெவ்வேறாயினும் பசி முதலிற் சென்று தட்டிய கதவு ஒன்றே.

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படும் முடிபு யாதெனின், ஊவாத் தோட்டங்களில் உள்ளூர் உணவு முறைமை என்பது சந்தையிலிருந்து தொடங்கமுடியாது என்பதாகும். சந்தைகள் அங்கு முன்னரே உள்ளன, விளைச்சலும் உள்ளது, உழவறிவும் உள்ளது. இல்லாதது, பயிரிட்டுப் பயன்கொள்ளும் உரிமையோடு கூடிய நிலம். தரிசாகிக் கிடக்கும் தோட்டக் காணிகளில் ஒரு பகுதியேனும், பாதுகாப்பான இடங்களில், உறுதிப் பத்திரத்தோடு இம்மக்கள் கைக்கு வருமாயின், ஞாயிற்றுச் சந்தையில் அவர்கள் நிற்கும் இடம் தானே மாறும்.

மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவர் இன்று பெருகிவருகின்றனர். அவர்தம் வீடுகளிலேயே இவ்வரலாற்றின் மூலங்கள் உள்ளன. அரிசி அளந்த நாட்களை நினைவிற் கொண்டோரிடம் கேட்டறிந்தோர், கடைக்காரரின் கடன் கொப்பிகள், பால் நிலையத்துச் சிட்டைகள், சம்பளச் சீட்டுக்கள் ஆகியவை குப்பையாகும் முன் அவற்றைத் திரட்டுதல் வேண்டும். மீரியபெத்தவில் அத்தகைய ஏடுகளும் அவற்றை விளக்கிச் சொல்லவல்லோரும் ஒருங்கே மண்ணுட் சென்றனர். ஏனைய தோட்டங்களில் அவை இன்னும் உள்ளன. அவற்றைத் தேடிச் சென்று எழுதிவைத்தல் நம் தலைமுறையின் கடனாகும்.